ஓடும் வீட்டுக்குள் சைக்கிள் நிறுத்துவது எப்படி?

மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா சென்று திரும்பும் நம் சங்க அன்பர்கள் நயாகராவைப் பற்றியும் சுதந்திர தேவி சிலையைப் பற்றியும் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவது திருகாணியைப் பற்றி. முப்பத்திரண்டு ஆண்டுகள் ரயில் பெட்டிப் பட்டறையில் வேலை பார்த்தவனுக்கு எந்த வண்டியைக் கண்டாலும் கண் அதன் அடிச்சட்டத்தைத்தான் தேடும். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தக் கண் ஒரு முறை ஏமாந்தது. அதனால் கற்ற பாடம்தான் இக்கட்டுரை.

டென்வர் நகருக்கு அருகில் வசிக்கும் என் மகளும் மாப்பிள்ளையும் பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கியிருந்தார்கள். முன்னால் ஓட்டுநர் இருக்கை, நடுவில் சமையல் மேடை, குளியலறை, படுக்கை என ஒரு சிறு வீடே சக்கரத்தின் மேல் ஓடுகிறது. இவர்கள் வாங்கியது அதில் 'டாய் ஹாலர்' என்னும் வகை. பொம்மை சுமப்பது என்று பொருள். பொம்மை என்றதும் குழந்தைகளை நினைத்துவிட வேண்டாம். மண்பாதை மோட்டார் சைக்கிள், சைக்கிள் போன்ற பெரியவர்களின் விளையாட்டுச் சாமான்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வண்டியின் பின்பக்கச் சுவர் முழுவதும் கீழே கீல் வைத்த கதவு. அதை இறக்கினால் சாய்தளமாகிவிடும். அதன் வழியே வண்டிகளை உள்ளே உருட்டிச் சென்று நிறுத்தலாம். அந்த அறைக்குப் பெயர் கராஜ். பகலில் கராஜாக இருப்பது இரவில் படுக்கையறையாகும். சுவரோரச் சோபாக்களை விரித்துக்கொள்ளலாம். கூரையோடு ஒட்டி நிற்கும் கட்டில் பொத்தானை அழுத்தினால் கீழே இறங்கும்.

இந்த இரட்டை உபயோகத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. மனிதர் படுக்கும் அறையிலேயே கனமான இரும்புச் சாமான்களும் பயணம் செய்கின்றன.

எங்களிடம் நான்கு சைக்கிள்கள் இருந்தன. மாப்பிள்ளையின் மலைப்பாதை சைக்கிள், மகளின் மின்சார சைக்கிள், பேரனுடையது, எனக்கென்று வாங்கி வைத்திருந்த பழையது ஒன்று. யூட்டா மாநிலத்து மோவாப் ஊரின் செம்பாறைகளில் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பது மாப்பிள்ளையின் வெகுநாள் ஆசை. சுவரில் ஒரு பலகையை அறைந்து, அதில் நான்கு கொக்கிகள் மாட்டி, சைக்கிள்களை முன்சக்கரத்தால் தொங்கவிடலாம் என்று அவர் யோசனை சொன்னார். "எட்டு ஸ்க்ரூ போதுமா மாமா?" என்று கேட்டார். தட்டிப் பார்த்தேன். கெட்டியாகத்தான் கேட்டது. "தாராளமாகப் போதும்" என்றேன்.

டென்வரிலிருந்து மேற்கே 70-ஆம் எண் நெடுஞ்சாலை ராக்கி மலையைக் கடந்து செல்கிறது. 1973-இல் திறக்கப்பட்ட ஐசனோவர் சுரங்கப் பாதை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டியதும் சாலை 100-க்கு 7 என்னும் சரிவில் இறங்குகிறது. நம் கண்டாலா போர்காட்டில் ரயில் பாதை 37 அடிக்கு 1 அடி ஏறுவதையே நாம் செங்குத்து என்கிறோம். இங்கே ஏறத்தாழ 14 அடிக்கு 1 அடி. புறப்படும்போதே பேரன், கராஜ் சோபாவில் உட்கார்ந்து தன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு வருவேன் என்று அடம்பிடித்தான். அங்கே சீட் பெல்ட் இல்லை, ஆகவே கூடாது என்றாள் மகள். "கொஞ்ச தூரம்தானே அம்மா, வரட்டுமே" என்று நானும் பேரனுக்காகப் பரிந்து பேசினேன். நல்ல வேளையாக அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.

சரிவில் முன்னால் சென்ற லாரி திடீரென்று வேகம் குறைத்தது. மாப்பிள்ளை பிரேக்கை அழுத்தினார். பின்னால் பெரும் சத்தம். அடிவாரத்தில் நிறுத்திப் பார்த்தபோது பலகை சுவரைவிட்டுப் பெயர்ந்து கிடந்தது. மின்சார சைக்கிள் சோபாவின் மேல் விழுந்து, அதன் பெடல் மெத்தையைக் கிழித்திருந்தது. பேரன் உட்காரக் கேட்ட இடம் அதுதான். யாரும் ஒன்றும் பேசவில்லை. சைக்கிள்களைத் தரையில் படுக்கவைத்து, போர்வை சுற்றி, தரை வளையங்களில் கட்டி, மெதுவாக ஓட்டிச் சென்றோம்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சுவர் பெயர்ந்த இடத்தை ஆராய்ந்தேன். உள்பக்கம் 3 மில்லிமீட்டர் ப்ளைவுட். அதன் பின்னால் நம்மூர்த் தெர்மோகோல் போன்ற நுரைப் பலகை. வெளிப்பக்கம் ஃபைபர் கிளாஸ் தகடு. இவை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருப்பதால்தான் தட்டினால் கெட்டியாகக் கேட்கிறது. இடையிடையே அலுமினியச் சதுரக் குழாய்கள் ஓடுகின்றன. எலும்பு அவைதான். எங்கள் எட்டு ஸ்க்ரூவும் அந்த எலும்பைத் தொடவே இல்லை, தோலிலும் நுரையிலும் நின்றிருந்தன. இரும்புச் சட்டமாக இருந்தால் காந்தத்தை நகர்த்திக் கண்டுபிடிக்கலாம். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. தயாரிப்பாளரின் வரைபடத்தைக் கேட்டு வாங்குவதே சரியான வழி. இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட் பகுதியில்தான் இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவை உருவாகின்றன. எழுதிக் கேட்டால் சட்டங்கள் எங்கே ஓடுகின்றன என்பதைச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு.

எலும்பு கிடைத்தாலும் அதன் குழாய்ச் சுவர் மெல்லியது. எனவே ஹெல்மெட், கழற்றிய முன்சக்கரம், காற்றடிக்கும் பம்பு போன்ற லேசான சாமான்களைச் சுவரில் மாட்டுங்கள். சைக்கிளைத் தரை தாங்கட்டும்.

இனிச் சற்றுக் கணக்கு. கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், எட்டாம் வகுப்புப் பெருக்கல்தான். அமெரிக்காவில் வணிக லாரிகளில் ஏற்றும் சரக்கின் கட்டு எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. பிரேக் போடும்போது முன்னோக்கிச் சரக்கின் எடையில் 0.8 பங்கு, பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கு விசையைத் தாங்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான மோட்டார் ஹோமுக்கு அந்த விதி பொருந்தாது என்றாலும் நமக்கு அது நல்ல அளவுகோல்.

15 கிலோ சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கின் நுனியைத் தரையிலுள்ள ஒரு பிடியில் மாட்டியிருக்கிறோம். சைக்கிளின் எடை மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். வண்டிக்குக் குறுக்காகச் சைக்கிள் நின்றால், பிரேக் போடும்போது 12 கிலோ விசை அதைப் பக்கவாட்டில் சாய்க்கும். 12 பெருக்கல் 60 என்றால் 720. பிடியின் விளிம்புக்கும் அதன் ஸ்க்ரூவுக்கும் இடையே 8 சென்டிமீட்டர்தான் என்றால் ஸ்க்ரூவை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை 90 கிலோ! அதையே வண்டியின் நீளவாட்டில் நிறுத்தினால் பிரேக்கின் விசை சைக்கிளின் நீளத்தோடு செல்கிறது. சாய்ப்பது வளைவில் எழும் பக்கவிசை மட்டும், அதாவது 7.5 கிலோ. அப்போதும் ஸ்க்ரூவின் மேல் 56 கிலோ வருகிறது. பின்சக்கரம் தரும் சிறு உதவியை நான் சேர்க்கவில்லை.

இப்போது 90 சென்டிமீட்டர் உயரத்தில், ஹேண்டில்பாருக்கு அருகே, ஒரு பட்டையைக் கட்டுங்கள். 7.5 பெருக்கல் 60, வகுத்தல் 90. விடை வெறும் 5 கிலோ. பட்டை 45 பாகையில் சாய்ந்து தரைக்கு வருவதால் அதில் 7 கிலோ இழுவிசை ஏற்படும். ஒரு சாதாரணத் துணிப்பட்டை இதைப் போலப் பல மடங்கு தாங்கும். விலை உயர்ந்த பிடியைவிட, சரியான உயரத்தில் கட்டிய மலிவான பட்டை பெரிய வேலை செய்கிறது. பட்டை இழுக்குமே தவிரத் தள்ளாது, ஆகவே இரு பக்கமும் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பின்சக்கரத்தையும் ஒரு சிறு பட்டையால் தரையோடு கட்டிவிட வேண்டும். கார்பன் இழையாலான சைக்கிள் என்றால் சட்டக் குழாயின் மேல் பட்டையை இறுக்கினால் நசுங்கும். ஃபோர்க்கின் மேற்புறத்திலும் இருக்கைக் கீழ்த்தண்டிலும் கட்டுவது நல்லது.

எனவே செப்டம்பர் பயணத்துக்கு முன் மாப்பிள்ளையும் நானும் தரையில் வேலை செய்தோம். கராஜின் தரை கனமான ப்ளைவுட், அதன் அடியில் இரும்புக் குறுக்குச் சட்டங்கள். விமானத்தில் இருக்கைகளைப் பொருத்தப் பயன்படும் அலுமினியத் தண்டவாளம் கடைகளில் கிடைக்கிறது. அதில் அங்குலத்துக்கு ஒரு துளை வீதம் இருப்பதால் பிடிகளை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம், வேண்டாதபோது கழற்றி வைத்தால் தரை காலியாகிவிடும். இத்தகைய இரண்டு தண்டவாளங்களை அகலவாட்டில் பதித்தோம். போல்ட்டுகள் குறுக்குச் சட்டத்தின் வழியே இறங்குகின்றன. சட்டம் இல்லாத இடத்தில் அடியில் அகலமான இரும்புத் தகடு கொடுத்து நட்டை முடுக்கினோம். சாதாரண வாஷர் ப்ளைவுட்டுக்குள் புதைந்துவிடும்.

துளை போடும் முன் வண்டியின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். இதைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். தண்ணீர்த் தொட்டி, எரிவாயுக் குழாய், மின்கம்பி, பிரேக் குழாய், சில வண்டிகளில் கூடுதல் பெட்ரோல் தொட்டி என எல்லாமே அங்கேதான் இருக்கின்றன. எங்கள் வண்டியில் முதலில் குறித்த இடத்துக்கு நேர் கீழே தண்ணீர்த் தொட்டி இருந்தது. குறியை ஒரு சாண் தள்ளிப் போட்டோம். போட்ட ஒவ்வொரு துளையையும் நீர் புகாத பசையால் அடைப்பது அவசியம். சாலை ஈரம் ப்ளைவுட்டுக்குள் ஏறினால் சில ஆண்டுகளில் தரை உளுத்துவிடும், பிறகு எந்த போல்ட்டும் நிற்காது.

அமெரிக்கச் சட்டப்படி வண்டியின் வெளி அகலம் 102 அங்குலம், அதாவது 2.59 மீட்டர் வரை இருக்கலாம். உள்ளே நமக்குக் கிடைப்பது சுமார் 2.4 மீட்டர். இக்கால மலைச் சைக்கிளின் ஹேண்டில்பார் 80 சென்டிமீட்டர் வரை நீள்கிறது. ஒரே திசையில் அடுக்கினால் மூன்றோடு இடம் தீர்ந்தது. ஒன்று முன்னோக்கி, அடுத்தது பின்னோக்கி என்று மாற்றி நிறுத்தினால் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கும் அடங்கும். அளவெடுக்கும்போது கட்டிலைக் கீழே இறக்கிப் பாருங்கள். இரவில் கட்டில் வந்து ஹேண்டில்பாரில் உட்காரக் கூடாது. அங்கே படுப்பவர் ஆபத்து நேரத்தில் வெளியேறும் வழியையும் சைக்கிள் மறைக்கக் கூடாது.

பிடி வாங்கும்போது சைக்கிளின் அச்சை அளக்காமல் வாங்கி நாங்கள் ஒரு நாளை வீணாக்கினோம். பழைய வகையில் 9 மில்லிமீட்டர் அச்சு, ஃபோர்க்கின் இடைவெளி 100 மில்லிமீட்டர். புதியவற்றில் ஃபோர்க்கின் ஊடே நுழையும் தடித்த அச்சு. சாலைச் சைக்கிளுக்கு 12 மில்லிமீட்டர், மலைச் சைக்கிளுக்கு பெரும்பாலும் 15. அதிலும் இடைவெளி 100 என்றும் 110 என்றும் இரு வகை உண்டு. ஒன்றின் பிடியில் மற்றொன்று நிற்காது. பேரனின் சைக்கிளில் அச்சுக்கு இருபுறமும் நட்டு போட்டிருந்ததால் அதைச் சக்கரத்தோடு ஒரு தட்டில் நிறுத்திக் கட்டினோம். எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் முன்சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் கட்டைகளுக்கு இடையே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருக வேண்டும். தெரியாமல் யாராவது பிரேக் பிடியை அழுத்தினால் கட்டைகள் ஒட்டிக்கொண்டு, பிறகு சக்கரம் நுழையாது.

அடுத்து எடை. கராஜ் பின் அச்சுக்கு அப்பால் நீண்டிருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 6 மீட்டர், சுமை பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொண்டால், சைக்கிள்களும் மற்றச் சாமான்களுமாக 180 கிலோ ஏற்றும்போது பின் அச்சின் மேல் ஏறுவது 240 கிலோ. முன் அச்சில் 60 கிலோ குறைகிறது. ஏற்றப்பலகை விளையாட்டுதான் இது. முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பிடிப்புக் குறையும். ஆட்களும் சாமான்களுமாக மொத்தம் எவ்வளவு ஏற்றலாம் என்பதை வண்டிக்குள்ளேயே ஒரு மஞ்சள் சீட்டில் ஒட்டியிருப்பார்கள். அதைப் படித்த பிறகே ஏற்ற வேண்டும். முடிந்தால் எடை மேடையில் இரு அச்சுகளையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கலாம்.

மின்சார சைக்கிளின் பேட்டரியைக் கழற்றித் தனியே பத்திரப்படுத்தினால் மூன்று நான்கு கிலோ குறையும். கராஜில் ஆட்கள் தூங்கும்போது அதைச் சார்ஜ் செய்ய வேண்டாம். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கடினம். மோட்டார் சைக்கிளும் கூட வருகிறது என்றால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும் என்பதை நினைவில் வையுங்கள். கராஜின் கீழ்க் காற்றுத் துளைகள் அதற்காகவே இருக்கின்றன. குளிர்கிறது என்று துணி வைத்து அடைத்தவர்களை முகாமில் கண்டேன்.

செப்டம்பரில் மறுபடி அதே சரிவில் இறங்கினோம். பட்டறையில் நாங்கள் முடுக்கிய நட்டின் மேலிருந்து சட்டம் வரை வர்ணத்தால் ஒரு கோடு இழுப்போம். நட்டு இளகினால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். பேரனிடம் அவன் அம்மாவின் சிவப்பு நகப்பூச்சைக் கொடுத்து, வண்டிக்கு அடியில் எல்லா நட்டிலும் கோடு போடச் சொல்லியிருந்தேன். சரிவின் அடிவாரத்தில் நிறுத்தியதும் டார்ச் விளக்கோடு அவனே முதலில் உள்ளே நுழைந்தான். "தாத்தா, மூணாவது மட்டும் கொஞ்சம் திரும்பியிருக்கு" என்று குரல் வந்தது. ஸ்பேனரை நீட்டினேன். இறுக்கிவிட்டு வெளியே வந்து, முன்னால் தன் இருக்கையில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.