தொட்டிக்கு அடியில் படுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஆர்.வி. என்ற வீட்டு வண்டியின் கழிவுத் தொட்டி கசிந்தால் எந்தப் பசை வாங்குவது என்று கேட்டு எழுதியிருந்தாய். பசைக்கு முன்னால் பிளாஸ்டிக்கைத் தெரிந்துகொள். அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் இரண்டே வகை: ஏபிஎஸ், பாலிஎத்திலீன். நம் ஊர் மொட்டைமாடியில் நிற்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டி பாலிஎத்திலீன்தான். தடவினால் மெழுகுபோல் வழுக்கும். வண்டித் தொட்டியின் ஓரத்தில் ஒரு துணுக்கைச் சீவி, சொட்டு சோப்புக் கலந்த தண்ணீரில் அமுக்கிவிடு. மிதந்து வந்தால் பாலிஎத்திலீன், மூழ்கினால் ஏபிஎஸ்.

இதைச் செய்யாமல் ஒருமுறை பாலிஎத்திலீன் தொட்டியில் ஏபிஎஸ் சிமெண்ட் என்ற பசையைப் பூசி அனுப்பினேன். மூன்றாம் நாள் தோலாக உரிந்துவிட்டது. அந்த வண்டிக்காரரின் குடும்பம் கைக்குழந்தையோடு பாதி வழியில் நின்றது. தொலைபேசியில் அந்த அம்மா பேசிய குரலை நான் மறக்கவில்லை.

ஏபிஎஸ் என்றால் வேலை சுலபம். அதே பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கிப் பூசி, மேலே ஏபிஎஸ் தகடு வை, உருகி ஒன்றாகிவிடும். பாலிஎத்திலீனில் சிமெண்டும் பிடிக்காது, சிலிகானும் பிடிக்காது. சூடான காற்றால் இளக்கி, அதே ரகக் கம்பியை உருக்கிப் பற்றவைக்க வேண்டும். எதுவானாலும் விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போடு, இல்லாவிட்டால் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும்.

உயிர் முக்கியம், தம்பி. எத்தனை முறை கழுவினாலும் பிளாக் டேங்க் என்ற கழிப்பறைத் தொட்டியில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் தங்கலாம். நன்றாகக் காற்று ஊதி வெளியேற்றிய பிறகே சூட்டை அருகே கொண்டுபோ. வண்டியின் புரொப்பேன் எரிவாயுவை மூடு. நாற்றம் போக ப்ளீச் ஊற்றாதே. சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமீன் என்ற நச்சுவாயு கிளம்பும்.

ஒட்டும் முன் ஏன் உடைந்தது என்று பார். 40 கேலன் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 150 கிலோ. தாங்கும் பட்டை தளர்ந்திருந்தால் அத்தனை பாரமும் குலுக்கலும் 3 அங்குல வெளியேற்றுக் குழாய் சேரும் கழுத்தில் இறங்கும். குளிரில் உறைந்து வெடித்ததும் உண்டு. கழுத்தில் விட்ட விரிசலை நான் ஒட்டுவதில்லை, புதுத் தொட்டிதான். விலையைக் கேட்டு வண்டிக்காரர் தயங்குவார். படுத்துப் பார்க்கச் சொல்லி, குழாய் தொங்குவதை அவர் கண்ணுக்கே காட்டு.

புதுத் தொட்டிக்கு நீள அகலம் மட்டும் போதாது. ஒவ்வொரு வாயும் எந்தச் சுவரில், ஓரத்திலிருந்து எத்தனை அங்குலம் என்று கழற்றுமுன்னே வரைந்துகொள். கூரைக்குப் போகிற காற்றுக்குழாயை விட்டுவிடாதே. பொருத்திய பின் கம்ப்ரஸரால் காற்றேற்றிச் சோதிக்காதே, தொட்டி பிளந்துவிடும். தண்ணீரால் நிரப்பி, கீழே காய்ந்த அட்டையை விரித்துவிட்டுத் தூங்கப் போ. காலையில் அட்டை நனையாமல் இருந்தால் வண்டியின் அடித்தகட்டை மாட்டி மூடு.

அன்புடன்,
உன் அண்ணன்