பேச்சுத்துணையா, பணியா?

தளர்ந்த முதியவரைத் தாங்கி எழுப்ப வேண்டும். நீராட்டி, உடை மாற்றி, உணவூட்ட வேண்டும். மருந்தை வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். நள்ளிரவில் அவர் விழித்தால் தாமும் விழிக்க வேண்டும். இது வீட்டுப் பராமரிப்பாளரின் ஒரு நாள்.

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த எவலின் கோக் என்னும் அம்மையார் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இப்பணியைச் செய்தவர். ஜமைக்காத் தீவிலிருந்து 1970 ஆம் ஆண்டு பிழைப்பு நாடி அமெரிக்கா வந்தவர். ஐந்து மக்களின் தாய். நிறுவனம் ஒன்று அவரை நோயுற்றோரின் இல்லங்களுக்கு அனுப்பி வந்தது. சில நாள்களில் இருபத்து நான்கு மணி நேரமும் அவர் அங்கேயே தங்கினார். வாரத்தில் எழுபது மணி நேரம் உழைத்ததும் உண்டு. மணிக்கு ஏறத்தாழ ஏழு டாலர் கிடைத்தது. மிகைநேர ஊதியம் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? அந்நாட்டில் 1938 இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம் குறைந்தபட்ச ஊதியத்தை உறுதி செய்தது. வாரத்தில் 40 மணி நேரத்திற்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு ஊதியம் என்றும் வகுத்தது. வீட்டுப் பணியாளர்கள் அதில் இடம்பெறவில்லை. 1974 இல் அவர்களைச் சேர்த்தபோதும் ஒரு விலக்கு வைக்கப்பட்டது: முதியோருக்கும் நோயுற்றோருக்கும் துணையாக இருப்பவருக்கு இவ்வுரிமைகள் இல்லை. நம் வழக்கில் சொன்னால், அவர் 'பேச்சுத்துணை'. அண்டை வீட்டார் மாலையில் வந்து பாட்டியோடு பேசியிருப்பதற்கு அச்சொல் பொருந்தும். ஆனால் தொழிலாளர் துறையின் விதி, நிறுவனங்கள் கூலிக்கு அனுப்பும் பராமரிப்பாளரையும் அச்சொல்லுக்குள் அடக்கிவிட்டது. நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகு வலித்தவரும் சட்டத்தின் கண்ணுக்குப் பேச்சுத்துணையே!

எவலின் 2002 இல் வழக்குத் தொடுத்தார். ஊதியம் உயர்ந்தால் முதியோர் குடும்பங்களும் அரசும் செலவைத் தாங்க இயலாது என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். அவ்வச்சம் பொய்யன்று, ஆயினும் அச்செலவின் ஒரு பங்கை அதுவரை சுமந்தவர்கள் குறைந்த கூலி பெற்ற பெண்களே. 2007 இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்து எவலினுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். அவ்விதியை வகுக்கும் அதிகாரம் துறைக்கு உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம். அவ்வூதியம் நியாயமானதா என்னும் வினாவிற்கு நீதிமன்றம் விடை கூறவில்லை. பின்னர்ச் சிறுநீரகம் செயலிழந்து, பிறர் பராமரிப்பை நாடும் நிலையில் இருந்த எவலின் 2009 இல் தம் 74 ஆம் வயதில் காலமானார்.

விதியை வகுத்த துறையே 2013 இல் அதனை மாற்றியது. நிறுவனங்கள் இனி அவ்விலக்கைக் கோர இயலாது. நீராட்டல், ஊட்டல் போன்ற பணிகள் வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கடந்தால் அது பேச்சுத்துணை ஆகாது. நிறுவனங்கள் தொடுத்த வழக்கைக் கடந்து 2015 இல் இவ்விதி நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ இருபது இலட்சம் பணியாளர்கள் இதனால் பயன்பெறும் நிலை உருவாயிற்று.

இப்பணியாளர் பலரின் ஊதியம், வறியோருக்கான அரசு மருத்துவக் காப்புத் திட்டமாகிய மெடிகெய்டிலிருந்து நிறுவனங்கள் வழியாக வருவது. அத்தொகையில் 80 விழுக்காடு பணியாளரையே சேர வேண்டும் என்று 2024 இல் ஒரு விதி பிறந்தது. அதற்கு ஆறாண்டு அவகாசமும் தரப்பட்டது. 2025 சூலையிலோ, 2013 இன் மாற்றத்தை நீக்கிப் பழைய விதிக்கே திரும்பத் தொழிலாளர் துறை முன்மொழிந்தது.

அருஞ்சொற்பொருள்
மிகைநேர ஊதியம் – வரையறுத்த நேரத்திற்கு மேல் உழைப்பதற்குரிய கூலி
விலக்கு – சட்டத்திலிருந்து நீக்கி வைத்தல்
சாரம் – உட்கருத்து

விடை எழுதுக
1. 'பேச்சுத்துணை' என்னும் சொல் எவலினின் பணிக்குப் பொருந்துமா? பாடத்திலிருந்து காரணம் காட்டி எழுதுக.
2. பேச்சுத்துணை, வழித்துணை போலத் 'துணை' என முடியும் சொற்கள் இரண்டனை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.