அயல்வீட்டுத் தோட்டமும் முறைசாராப் பாணியும்

அலங்காரத் தோட்டங்களை முறைசார்ந்தவை, முறைசாராதவை என இரண்டாகப் பிரித்துப் படித்திருப்பீர்கள். முதலாவது வகை பற்றி மாணவர்கள் நன்றாகவே எழுதுகின்றனர். நடுவே நேரான பாதை, இருபுறமும் சமச்சீரான பாத்திகள், ஒரே உயரத்தில் கத்தரித்த வேலி என்று விடை வந்துவிடும். இரண்டாவது வகையில்தான் புள்ளிகள் பறிபோகின்றன. "திட்டமின்றி இயற்கையாக வளர விடப்படும் தோட்டம்" என எழுதுவோர் பலர். இது பிழை. முறைசாராத் தோட்டத்திற்கும் திட்டம் உண்டு. அது வெளியே துருத்தித் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'கொட்டேஜ்' எனப்படும் குடிசைத் தோட்டப் பாணியாகும். இங்கிலாந்தின் கிராமத்து உழைப்பாளர்கள் தம் வீட்டைச் சுற்றியிருந்த சிறு நிலத்தில் மரக்கறி, மூலிகை, பழமரங்களை வளர்த்து, எஞ்சிய இடைவெளிகளில் பூச்செடிகளை வைத்தனர். 19ஆம் நூற்றாண்டில் செல்வந்தர் வீடுகளிலோ கம்பளம் விரித்தாற்போலப் பூக்களை வரிசையாக நடும் வழக்கம் இருந்தது. வில்லியம் ரொபின்சன் 1870 முதல் தம் நூல்களில் அவ்வழக்கத்தை எதிர்த்து, செடிகளை அவற்றின் இயல்புக்கேற்ப நடவேண்டுமென வலியுறுத்தினார். ஓவியம் பயின்ற கேர்ட்றூட் ஜீக்கில் (1843 - 1932) நிறங்களைக் கூட்டங்கூட்டமாக ஒன்றோடொன்று கலக்கும்படி நட்டுக் காட்டினார். ஏழையின் தோட்டம் இவ்வாறுதான் ஒரு கலைப்பாணியாக மதிப்புப் பெற்றது.

இலங்கையில் இப்பாணிக்கு ஏற்ற இடம் நுவரெலியா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள இந்நகரின் குளிர், ஐரோப்பியத் தாவரங்கள் பலவற்றுக்கு உகந்தது. சாமுவேல் பேக்கர் 1848இல் இங்கு ஒரு விவசாயக் குடியேற்றத்தைத் தொடங்கினார்.

அந்நகரில் எங்கள் அயல்வீட்டில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வளர்த்த தோட்டத்தைப் பாருங்கள். வீடு போக எஞ்சிய நிலம் இரண்டு பேர்ச்சுக்கும் குறைவு. அதாவது 50 சதுர மீற்றர்கூட இல்லை. ஆயினும் வீதியால் செல்பவர்கள் படலையடியில் நின்று பார்த்துவிட்டே போவார்கள். பின்சுவரோரம் நூலில் ஏறும் சுவீட் பீ, அதன் முன்னே டாலியா, ரோசா, பாதையோரத்தில் நிலத்தோடு படரும் நஸ்டேர்சியம் என உயரம் படிப்படியாகக் குறையும். இடையிடையே லீக்ஸும் கரட்டும் நிற்கும். லீக்ஸ் பிடுங்கிய இடத்தில் மறுவாரமே ஒரு ஜெரேனியம் தண்டு ஊன்றப்பட்டிருக்கும். பாதை சற்று வளைந்து செல்வதால் அதன் முடிவு கண்ணுக்குத் தெரியாது. அதனால் சிறிய இடம் பெரிதாகத் தோன்றும். திட்டம் என்று நாம் சொன்னது இதைத்தான்.

இங்கு ஒவ்வொன்றுக்கும் விஞ்ஞானக் காரணமும் உண்டு. நெருக்கமான நடுகை மண்ணை மூடுவதால் ஆவியாதலும் மண்ணரிப்பும் களையும் குறைகின்றன. சுவீட் பீ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சுகளிலுள்ள றைசோபியம் பற்றீரியா நைதரசனைப் பதிக்கிறது. (பெயரைப் பார்த்து அதன் விதையை உண்ணலாமென எண்ணாதீர்கள்; அது நச்சுத்தன்மையுடையது.) தை மாத உறைபனியில் டாலியாவின் இலைகள் கருகினாலும், நிலத்தடியிலுள்ள கிழங்குவேர் பிழைத்து மீண்டும் துளிர்க்கும்.

எல்லாவற்றிலும் வியப்பானது மூலையிலிருந்த ஐதரேஞ்சியா. ஒரே பற்றையில் ஒருபுறம் நீலப் பூக்கள், சீமெந்து மதிலை அண்டிய புறம் இளஞ்சிவப்புப் பூக்கள். இரண்டு கன்றுகளை வைத்தீர்களா எனக் கேட்காதவர் இல்லை. ஆனால் ஒரே கன்றுதான். நுவரெலியாவின் மண் அமிலத்தன்மையானது. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேரால் உறிஞ்சப்படும்போது பூ நீலமாகிறது. மதிலிலிருந்து கசியும் சுண்ணாம்பு அப்பக்கத்து மண்ணின் பீ.எச். பெறுமானத்தை உயர்த்துவதால் அலுமினியம் வேருக்குக் கிடைப்பதில்லை, பூ இளஞ்சிவப்பாகிறது. ஏறத்தாழ 5.5இற்குக் கீழே நீலம், 6.5இற்கு மேலே இளஞ்சிவப்பு என நினைவில் வைத்திருங்கள். வெள்ளை ஐதரேஞ்சியா இவ்வாறு நிறம் மாறாது.

குறைகளையும் எழுத வேண்டும். பலவகைச் செடிகள் கலந்திருப்பதால் களையெடுத்தலும் கத்தரித்தலும் கையாலேயே செய்யப்பட வேண்டும். நேரம் அதிகம் செலவாகும். இன்னொன்று மிகவும் பாரதூரமானது. அழகென்று கொண்டுவரப்படும் அந்நியத் தாவரம் வேலியைத் தாண்டிவிடலாம். ஆங்கிலேயர் காலத்தில் மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மஞ்சள் பூப்பூக்கும் யூலெக்ஸ் என்னும் முட்செடி, ஹோட்டன் சமவெளியில் ஆக்கிரமிப்புத் தாவரமாகப் பரவி, உள்நாட்டுப் புற்களின் இடத்தைப் பிடித்துள்ளது. இதை எழுதாத விடை அரைகுறையானது என்பதே எமது கருத்து.

பயிற்சி

1. முறைசாராத் தோட்டம் திட்டமற்றதன்று என்பதை இரு சான்றுகளுடன் விளக்குக.

2. நீல ஐதரேஞ்சியா ஒன்றின் அடியில் தொடர்ந்து டொலமைற்று இடப்பட்டால் பூவின் நிறத்துக்கு யாது நிகழலாம்? காரணம் தருக.

3. உமது அயல்வீட்டுத் தோட்டமொன்றை அவதானித்து, அதிலுள்ள தாவரங்களை உயர ஒழுங்கில் ஒரு படத்தில் குறித்துக் காட்டுக. படலையைத் திறக்குமுன் வீட்டாரிடம் அனுமதி பெறுக.