இசையரங்கும் பாடல் தேர்வும்: நன்னூற் பாயிர நோக்கில் ஒரு சிற்றாய்வு

நூலொன்றுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதுவோர் எவற்றையெல்லாம் கூற வேண்டுமென நன்னூலார் வரையறுத்துள்ளார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை எட்டும். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்று அவரே உடன் மொழிகிறார். வகுப்பறையில் இப்பகுதியை நடத்தும்போது மாணவர் பலரும் இதனை மனப்பாடத்திற்குரிய பட்டியலாகவே கருதுகின்றனர். ஆயின் இப்பதினொன்றனுள் ஆக்கியோன், கேட்போர், காலம், களம், காரணம் ஆகிய ஐந்தும் நூலுக்கு மட்டுமன்றி இசையரங்கில் பாடப்பெறும் பாடல்களின் நிரலுக்கும் பொருந்துவன என்பது நம் கருத்து. பிரிந்திருந்த மூத்த கலைஞர்கள் மீண்டும் ஒரே மேடையில் கூடும்போது எப்பாடல்களைப் பாட வேண்டுமெனச் சுவைஞரிடையே எழும் வழக்கை இந்நோக்கில் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

திரையிசையும் ஓர் ஆய்வுப் பொருளாகுமோ என ஐயுறும் பெரியோர்க்கு ஒன்று கூறுவோம். பாடல் தேர்வினால் ஒரு குடும்பமே சிதைந்த கதையைத் தமிழர் காப்பியமாகப் போற்றி வருகின்றனர். கானல்வரியில் கோவலன் பாடிய பாடல்கள் அவன் வேறொருத்தியை நினைப்பதாக மாதவிக்குத் தோன்றச் செய்தன. அவள் தானும் வேறு குறிப்புடையாள் போலத் தோன்றும் பாடல்களை எதிர் பாடினாள். அவன் எழுந்து சென்றான். இருவரும் பாடிய இசையிற் குறையில்லை. தேர்ந்த பாடல்களே பிரித்தன.

பிரிவும் கூடலும்

நம் காலத்தில் இப்பொருளுக்கு ஏற்ற சான்று இளையராஜா, எஸ்.பி.பாலசுப்பிரமணியம் ஆகிய இருவரின் பிரிவும் கூடலுமாகும். பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட பாவலர் சகோதரர்கள் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடி வளர்ந்தவர்கள். அவர்களுள் இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன் ஆகியோர், திரையிசையமைப்பாளராக இளையராஜா அறியப்படுவதற்கு முன்பே, பாலசுப்பிரமணியம் தலைமை தாங்கிய மெல்லிசைக் குழுவில் இசைக்கருவிகள் வாசித்தனர். இளையராஜா முதலில் கிட்டாரும் பின்னர் ஆர்மோனியமும் வாசித்தார். எனவே, பின்னாளில் உலகறிந்த அவ்விருவரின் தொடர்பு ஒலிப்பதிவுக் கூடத்தில் அன்று, மேடையில் தொடங்கியது. பாலசுப்பிரமணியம் தமிழ்த் திரைக்கு 1969இல் அறிமுகமானார். இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’ வாயிலாக இசையமைப்பாளரானார்.

2017 மார்ச்சில் பாலசுப்பிரமணியம் தம் பாடற்பணியின் ஐம்பதாண்டு நிறைவையொட்டி அமெரிக்காவில் இசைப்பயணம் மேற்கொண்டிருந்தார். அப்போது இசையமைப்பாளர் தரப்பிலிருந்து, தம் இசைவின்றித் தம் பாடல்களை மேடையிற் பாடலாகாது என வழக்கறிஞர் அறிவிக்கை வந்தது. பாடகர் அதனை எதிர்த்து வழக்காடவில்லை. அப்பாடல்களை விடுத்துப் பிற இசையமைப்பாளர்களின் பாடல்களைப் பாடுவதாக அறிவித்துப் பயணத்தைத் தொடர்ந்தார். ஏறத்தாழ ஈராண்டு கழிந்தது. 2019 ஜூன் 2ஆம் நாள், இளையராஜாவின் 76ஆம் பிறந்தநாளன்று, சென்னையை அடுத்த ஈ.வி.பி. திரைப்பட நகரில் நடந்த ‘இசை செலிப்ரேட்ஸ் இசை’ என்னும் அரங்கில் இருவரும் மீண்டும் கூடினர். கே.ஜே.யேசுதாசும் அம்மேடையில் இருந்தார். திரையிசைக் கலைஞர் சங்கக் கட்டடத்திற்கு நிதி திரட்டுவது அந்நிகழ்ச்சியின் நோக்கம்.

இத்தகைய கூடல் நிகழுமென்று அறிந்த அளவிலேயே சுவைஞர் தத்தம் பட்டியலை எழுதத் தொடங்கிவிடுகின்றனர். மூன்று மணி நேர அரங்கில், ஒரு பாடலுக்கு ஐந்து நிமிடம் எனக் கொண்டால் 36 பாடல்கள் அமையும். பேச்சுக்கும் கைதட்டலுக்கும் நேரம் கழித்தால் 30 பாடல்கள் தேறினால் மிகுதி. இளையராஜா இசையமைத்த படங்களோ ஆயிரத்தை எட்டிவிட்டன. 2016இல் வெளிவந்த ‘தாரை தப்பட்டை’ ஆயிரமாவது படம் என்பர். படத்திற்கு ஒரு பாடல் என்று வைத்தாலும் முப்பதுக்குள் அடங்குமோ? எதைச் சேர்த்தாலும் ஒருவர்க்கு உகந்த ஒன்று விடுபடத்தான் செய்யும்.

கேட்போர்

சுவைஞர் வழக்கு பெரும்பாலும் இரு கட்சியாக நிற்கிறது. எல்லாரும் அறிந்த பாடல்களையே பாடுக என்பது ஒன்று. அவற்றை எங்கும் எப்போதும் கேட்கிறோம். பாடியவரும் மறந்திருக்கக்கூடிய அரிய பாடல்களைப் பாடுக என்பது மற்றொன்று. பின்னவர் தம்மை நுண்சுவைஞர் என்று கருதுவதும், முன்னவரைச் சற்றே இளக்காரமாக நோக்குவதும் உண்டு.

சுரண்டையிலும் சூழவுள்ள சிற்றூர்களிலும் கோயில் கொடை, திருமணம் ஆகியவற்றில் நடக்கும் இன்னிசைக் கச்சேரிகளைக் கூர்ந்து நோக்கினால் இவ்வழக்கின் உண்மை நிலை விளங்கும். மேடைக்கு வரும் துண்டுச் சீட்டுகளில் அறிந்த பாடல்களே மிகுதி. தக்காளியும் காய்கறியும் சந்தைக்கு ஏற்றி அனுப்பிவிட்டு நள்ளிரவில் வந்து அமரும் ஒருவர் தம் திருமணக் காலத்துப் பாடலைக் கேட்கிறார். அவர் கேட்பது பாட்டை மட்டுமன்று, தம் இளமையையும் சேர்த்தே. அதனை அறியாமை என்று தள்ளுவது தகாது. எனினும் சீட்டுகளின் எண்ணிக்கையே நிரலைத் தீர்மானிக்குமாயின் ஆண்டுதோறும் அதே இருபது பாடல்களே ஒலிக்கும். இருபத்தொன்றாவது பாடலுக்கு ஒருநாளும் இடம் வாராது.

மேனாட்டிலும் இதே வழக்கு உண்டு. ‘ராக்’ எனப்படும் மின்கிட்டார் இசையில் புகழ்பெற்ற லெட் செப்பெலின் என்னும் ஆங்கிலக் குழு, முழவு வாசித்த ஜான் பான்ஹாம் 1980இல் இறந்தமையால் கலைந்தது. எஞ்சிய மூவரும் 2007 டிசம்பர் 10ஆம் நாள் இலண்டனில், மறைந்தவரின் மகன் ஜேசன் முழவு வாசிக்க, முழு அரங்கு ஒன்றை நடத்தினர். அது அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவரான அஹ்மத் எர்த்தெகன் நினைவாக நடந்தது. (இவர் இஸ்தான்புல்லிற் பிறந்தவர், துருக்கித் தூதரின் மகனார். கறுப்பின மக்களின் இசையை உலகறியச் செய்தோருள் ஒருவர் என்பது நம் மாணவர் அறியத்தக்கது.) அன்று பாடிய 16 பாடல்களுள் உலகமே கேட்ட ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ இருந்தது. அதனை மீண்டும் மீண்டும் பாடுவதில் பாடகர் ராபர்ட் பிளான்ட் நெடுங்காலம் விருப்பமற்றிருந்தவர், ஆயினும் பாடினார். அதே அரங்கில், 1976இல் இசைத்தட்டாக வெளிவந்தும் அதுவரை எம்மேடையிலும் முழுமையாகப் பாடாத ‘ஃபார் யுவர் லைஃப்’ என்ற பாடலையும் பாடினர். கேட்டவற்றைக் கொடுத்தவர்கள், கேளாத ஒன்றையும் சேர்த்தே கொடுத்தார்கள். இரு கட்சியாரும் ஏற்கத்தக்க முறை இதுவே என்று நமக்குப் படுகிறது.

களம்

ஒரே குரல் இரு களங்களில் இரு நிரல்களைக் கொள்வதை நம் சமுதாயம் நன்கறியும். இசைமுரசு நாகூர் ஈ.எம்.ஹனீபா அவர்கள் மீலாது மேடையில் பாடிய பாடல்கள் வேறு. திராவிட முன்னேற்றக் கழக மேடையில் பாடிய பாடல்கள் வேறு. அந்த வெண்கலக் குரல் இரண்டிலும் ஒன்றே. களம் நோக்கிப் பாடலைத் தேர்ந்தமையாலேயே ஒரு மேடைக்குரியோர் மற்ற மேடையைக் குறைகூறாது அவரை ஏற்றனர் எனலாம். இன்னொன்றும் நோக்கற்குரியது. ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்னும் பாடல் களத்தின் எல்லையைக் கடந்து எச்சமயத்தாரும் விரும்பிக் கேட்பதாயிற்று. அவர் 2015 ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்த பின்னரும் பிற பாடகர்களிடம் சுவைஞர் அப்பாடலைக் கேட்கின்றனர். களமறிந்து தேர்வது பாடகர் கடமை. களத்தைக் கடப்பது பாட்டின் ஆற்றல்.

களம் என்பதனுள் கருவிகளும் அடங்கும். இளையராஜாவின் பாடல்களில் இடையிசை பாட்டின் உறுப்பு. வயலின்கள் பல கூடி ஒலிக்குமாறு எழுதிய பகுதியை ஒரு கீபோர்டும் ஒரு பேடும் கொண்டு நிரப்பும் உள்ளூர்க் குழுவினர் அதனைச் சுருக்கிவிட்டுச் சரணத்துக்குத் தாவுகின்றனர். மூத்த பாடகர் சுருதியைக் குறைத்துப் பாடினால் முகஞ்சுளிக்கும் சுவைஞர் இதைப் பொறுத்துக்கொள்வது வியப்பே. 2019இன் அரங்கில் பாலசுப்பிரமணியத்திற்கு 73 வயது நிறைய இரண்டு நாட்களே இருந்தன, யேசுதாசுக்கு 79. அவ்வயதில் சுருதியைக் குறைப்பது பாட்டைக் குறைப்பதாகாது. இடையிசையை வெட்டுவதே குறைப்பதாகும்.

ஆக்கியோன்

இனி, 2017இல் எழுந்த வினாவுக்கு வருவோம். பாட்டு யாருக்கு உரியது?

சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் இலக்கணத்தையும் தனித்தனியே விரித்துரைக்கிறது. ஓர் அரங்கின் பின்னே பல ஆக்கியோர் உளர் என்பதை இளங்கோவடிகள் மறவாது பதிந்தார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) இவ்வுண்மையை மெல்ல மெல்லவே உணர்ந்தது. பாடலின் சொற்களுக்குக் கவிஞரும் இசைக்கு இசையமைப்பாளரும் ஆக்கியோர் என்று அது கொண்டது. ஆயினும் படத்திற்கென ஊதியம் பெற்று ஆக்கியவற்றின் உரிமை, வேறு உடன்படிக்கை இல்லாவிடில், தயாரிப்பாளரைச் சேரும் என உச்சநீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் நீதியரசர் வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனியே ஒரு குறிப்பு எழுதினார். சட்டத்தின் வரையறையில் இசையமைப்பவர்க்கு இடமுண்டு, உயிரூட்டிப் பாடுபவர்க்கு இல்லையே என்பது அவர் வருத்தத்தின் சாரம். வழக்கு பாடகரைப் பற்றியதன்று. ஆயினும் எழுதினார். 1994இல் வந்த திருத்தம் நிகழ்த்துவோர் உரிமையைச் சட்டத்தில் சேர்த்தது. 2012இன் திருத்தம் கவிஞரும் இசையமைப்பாளரும் தமக்குரிய உரிமத்தொகைப் பங்கை முற்றாக எழுதிக் கொடுத்துவிட இயலாதவாறு காத்தது.

எனவே இசையமைப்பாளர் உரிமை கேட்டதைப் பேராசை என்று பழித்தவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. நுழைவுச்சீட்டு விற்று நடத்தும் அரங்கில், ஆக்கியோர்க்குப் பங்கு கேட்பது முறையே. ஆயின் அதனை அறிவிக்கையாக அனுப்பிய முறையே வருந்தத்தக்கது. ஒரே குழுவில் வாசித்த நண்பர்களிடையே பேசித் தீர்த்திருக்கலாம். அதனால் இழப்புற்றவர் அவ்விருவர் மட்டுமல்லர். கேட்போர்க்குச் சட்டத்தில் இடமில்லை, நன்னூலில் உண்டு.

நம் ஊர்க் குழுக்கள் அச்சமுற வேண்டியதில்லை என்பதையும் இவ்விடத்துக் கூறுவது பயன்தரும். சட்டத்தின் 52ஆம் பிரிவு மெய்யான சமயச் சடங்குகளிலும், திருமண ஊர்வலம் உள்ளிட்ட திருமண விழாக்களிலும் பாடுவதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. கட்டணமின்றித் தொழில்முறையல்லாத மன்றத்தார் பாடுவதற்கும் விலக்களிக்கிறது. கொடை விழாவில் நள்ளிரவுக்குமேல் நடக்கும் கச்சேரி சமயச் சடங்கின் பகுதியா, கேளிக்கையா என்பது மட்டும் வழக்குரைஞர் வாதிடத்தக்கது.

மற்றொரு குறை நம்மாலேயே களையத்தக்கது. மேடை அறிவிப்பாளர்கள் எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு, ரஜினி பாட்டு என்கின்றனர். வாயசைத்தவர் பெயர் நிற்க, எழுதியவர் பெயர் மறைகிறது. பாயிரத்தில் நன்னூலார் முதலில் வைத்தது ஆக்கியோன் பெயர்.

காலம்

காலத்தைப் பற்றிச் சுவைஞர் வழக்கில் எவரும் பேசுவதில்லை. ஆயினும் முடிவு சொல்வது அதுவே. பாலசுப்பிரமணியம் 2020 செப்டம்பர் 25ஆம் நாள், கொரோனாத் தொற்றுக்குப் பின் சென்னை மருத்துவமனையில் காலமானார். மீண்டும் கூடிய நாளிலிருந்து பதினாறு திங்கள்கூட நிறையவில்லை. அடுத்த அரங்கில் பாடலாம் என்று அப்பட்டியல்களில் ஒதுக்கிவைத்த பாடல்களை இனி அவர் குரலில் நேரிற் கேட்க இயலாது. கருத்து வேறுபாட்டில் கழிந்த ஈராண்டும் அக்கணக்கிலேயே சேர்கின்றன.

குற்றாலச் சாரல் விழா மேடையிலோ, கல்லூரி முத்தமிழ் விழாவிலோ பாட ஆயத்தமாகும் நம் மாணவர்க்கு, மேற்கூறியவற்றையொட்டி ஒரு முறையை முன்வைக்கிறோம். நிகழ்ச்சி நிரலை அச்சிடும்போது ஒவ்வொரு பாடலுக்கும் நேரே கவிஞர், இசையமைப்பாளர், முதலிற் பாடியவர் என மூன்று பெயர்களையும் எழுதுக. பெயர் தெரியாவிடின் தேடிக் காண்க. நூலகத்திலோ, வீட்டில் முதியோரிடத்திலோ விடை கிடைக்கும். பத்துப் பாடல்களுள் ஏழினை அவையோர் விரும்புவனவாகக் கொள்க. இரண்டினை, எவரும் சீட்டெழுதிக் கேட்டிராத நல்ல பாடல்களாகத் தேர்க. பத்தாவது வரியை எழுதாது விடுக. அவ்விடம் துண்டுச் சீட்டுக்குரியது.