எந்த லைன்? கண்டி வீடுகளுக்குச் சில குறிப்புகள்

“லைன் போயிருச்சு” என்று கண்டியில் யாராவது சொன்னால், சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். கரண்டா, தண்ணீரா, டெலிபோனா, ரயிலா என்று கேளுங்கள். ஆங்கிலத்திலிருந்து வந்த இந்த ஒற்றைச் சொல் நம் கூரைக்கு மேலும் தரைக்கு அடியிலும் வீட்டு விலாசத்திலும் கிடக்கிறது. எது எந்த லைன் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் அலைச்சலும் மிச்சம், கூலியும் மிச்சம்.

1. கரண்ட் போனதும் முதலில் பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கே விளக்கு எரிந்தால் கோளாறு அநேகமாக உங்கள் வீட்டுக்குள்ளேதான். பெரும்பாலும் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கும். எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டு அதை மேலே தள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். எதை மாட்டும்போது மறுபடி விழுகிறதோ, குற்றவாளி அதுதான். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் நிற்கவில்லையென்றால் வயரிங்கில் ஈரம் இறங்கியிருக்கலாம். ஐப்பசி மழையில் வாசல் விளக்குக்குள் தண்ணீர் போவது இங்கே சகஜம். அதற்கு மேல் நீங்கள் கை வைக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அந்த சுவிட்சில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாத ட்ரிப் சுவிட்ச் வெறும் சுவர் அலங்காரம். தெருவே இருட்டாக இருந்தாலோ, கம்பி அறுந்து கிடந்தாலோ மின்சார சபைக்கு 1987. கிடக்கும் கம்பியைத் தடியால்கூடத் தள்ளிப் பார்க்காதீர்கள்.

2. 13 அம்பியர் பிளக்கைத் திறந்தால் ‘எல்’, ‘என்’, ‘ஈ’ என்ற எழுத்துகள் தெரியும். ‘எல்’ என்பதுதான் லைன், உயிருள்ள கம்பி. மண்ணிற வயர் அங்கே போக வேண்டும், பியூஸ் இருப்பதும் அந்தப் பக்கம்தான். நீலம் ‘என்’னுக்கு, பச்சையும் மஞ்சளும் கலந்தது ‘ஈ’க்கு. பழைய வீடுகளின் வயரிங்கில் சிவப்பும் கறுப்பும் இருக்கும். அங்கே லைன் சிவப்பு.

3. தண்ணீர் பில் திடீரென்று ஏறினால் இரவில் எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் ஆடினால் லைனில் எங்கோ ஒழுகுகிறது. கக்கூஸ் தாங்கியில் சந்தேகமா? கொஞ்சம் பீட்ரூட் சாற்றை ஊற்றி அரை மணி நேரம் யாரும் பாவிக்காமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் வந்தால் திருட்டு அங்கேதான். வீதி லைனை வெட்டித் திருத்திய அன்று முதலில் வெளிக்குழாயைத் திறந்து சேற்றுத் தண்ணீரை ஓட விடுங்கள். பில்டரையும் ஷவரையும் முதலில் திறந்தால் மண் போய் அடைத்துக்கொள்ளும். நீர் வழங்கல் சபையின் இலக்கம் 1939.

4. மலையகத்துக்கு லைன் என்றாலே லயம்தான். கோப்பிக் காலத்தில் தோட்டத்து ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய காம்பராக்கள் அவை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகும் லயம் போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், தேயிலை வரிசைக்கு நம் ஆட்கள் ‘நெரை’ என்று தமிழ்தான் சொல்கிறார்கள். வீட்டு வரிசைக்கு மட்டும் துரைமார் வைத்த பெயர். அந்தப் பெயரை மாற்றுவதைவிட அந்த வீடுகளை மாற்றுவது முக்கியம் என்பது என் கட்சி. அது நடக்கும்வரை சில காரியங்கள்: 10க்கு 12 அடிக் காம்பராவில் அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். நாலு விரல் இடைவெளி விட்டால் காற்று போகும், பூஞ்சணம் குறையும். முதுகோடு முதுகாகக் கட்டிய லயத்தில் பின்சுவரில் ஜன்னல் கிடையாது. ஆகவே சமைக்கும்போது இஸ்தோப்புக் கதவைத் திறந்தே வையுங்கள். நாளைய விறகை இன்றே அடுப்புக்கு மேலே காய வைத்தால் புகை குறையும். லயத்துக் கானை ஒக்டோபர் பிறக்கும் முன் எல்லா வீட்டாரும் சேர்ந்து துப்புரவாக்குங்கள். மேட்டு லயத்தில் அடைத்தால் பணிய லயத்துக்குள் தண்ணீர் வரும்.

5. விண்ணப்பப் படிவங்களில் ‘அட்ரஸ் லைன் 1’, ‘அட்ரஸ் லைன் 2’ என்று கேட்பார்கள். அது விலாசம் எழுதும் வரி, லயத்தின் இலக்கம் அல்ல. தோட்டத்துப் பிள்ளைகள் இதில் குழம்பினால் அவர்கள்மேல் பிழை இல்லை. முதல் வரியில் லய இலக்கமும் காம்பரா இலக்கமும், இரண்டாவதில் டிவிஷனும் தோட்டமும், பிறகு தபாலகம் என்று எழுதச் சொல்லுங்கள். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். டிவிஷனை விட்டால் நேர்முகப் பரீட்சைக் கடிதம் யார் வீட்டிலோ கிடக்கும்.

6. சுவரில் மயிர்போல ஓடும் வெடிப்பை மேசன்மார் ‘ஹெயார் லைன்’ என்பார்கள். பூச்சு காயும்போது விழுந்ததென்றால் பயமில்லை. வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் அது பூச்சு விஷயமல்ல. ஹந்தானை, கலஹா, புஸ்ஸல்லாவ மாதிரிச் சரிவான இடங்களில் மழையோடு புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று சேறாக வரும் ஊற்று ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வீட்டை விட்டு வெளியேறுங்கள். சாமான் எடுக்க நிற்காதீர்கள். மண்சரிவு எச்சரிக்கை சிவப்பாகிவிட்டால் வெடிப்பைத் தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

7. கொழும்பு–பதுளை மெயின் லைன் கண்டி டவுனைத் தொடுவதில்லை. பேராதனைச் சந்தியோடு கம்பளைப் பக்கம் திரும்பிவிடும். கண்டி ஸ்டேஷன் இருப்பது மாத்தளை லைனில். பொடி மெனிக்கே கண்டிக்குள் வந்து போகும். உடரட்ட மெனிக்கேக்கு அந்த வழக்கம் இல்லை, பேராதனையில்தான் ஏற வேண்டும். ஹட்டனுக்குப் பெட்டி படுக்கையோடு கிளம்புகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே எந்த ஸ்டேஷன் என்று கேட்டுவிடுங்கள். மழைக்காலத்தில், லைனில் மண் விழுந்திருக்கிறதா என்றும்.

8. ‘லைன் கிடைக்கல’ என்று நீங்கள் கூப்பிடும் ஆள் ஒருபுறம். தானாகவே லைனுக்கு வந்து, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்கும் ஆள் இன்னொரு ரகம். பதில் சொல்லாமல் வையுங்கள். எந்த வங்கியும் அதைக் கேட்காது. பெடியன்மார் ‘லைன் அடிக்கும்’ லைன் வேறு. அதற்கு என்னிடம் குறிப்பு இல்லை.

9. ப்ளவுஸுக்கு லைனிங் துணி வாங்கினால் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காய்ந்த பிறகே தையலுக்குக் கொடுங்கள். பருத்தி லைனிங் சுருங்கும், மேல்துணி சுருங்காது. முதல் சலவையிலேயே கை இறுக்கிப் பிடிக்கும்.

10. உடுப்புக் காயப்போடும் லைனுக்கு, அதாவது கொடிக்கு, இரும்புக் கம்பியைவிட நைலோன் கயிறு நல்லது. கம்பித் துரு வெள்ளைச் சட்டையில் பட்டுவிட்டதா? தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்துப் பிறகு அலசுங்கள். நிறத் துணியென்றால் ஓரத்தில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஒக்டோபர், நவம்பரில் கண்டியில் பின்னேரம் மழை இறங்கிவிடும்; தோய்ப்பதை விடியற்காலையில் முடித்துவிடுங்கள்.