பை நிறையும் என்று பட்டினி கிடக்கலாமா?

கேள்வி: பொள்ளாச்சிக்குப் பக்கத்துல தென்னந்தோப்பு வச்சிருக்கோமுங்க. வீட்டுக்காரருக்கு வயசு 54. மலக்குடல்ல புத்துநோய்க் கட்டி வழியை அடைச்சிருச்சுன்னு, போன மாசம் கோயமுத்தூர்ல வயித்துக்கு இடது பக்கம் ஸ்டோமா வச்சு விட்டாங்க. இன்னும் ரெண்டு வாரத்துல ரேடியேசனும் கீமோ மாத்திரையும் ஆரம்பிக்கணும்ங்கறாங்க. அவரு பையைத் தொடவே மாட்டேங்கறாரு, எல்லாம் நான்தானுங்க. பை நிறைஞ்சிரும்னு காலையில மோரோட சரி, மத்தியானம் ரெண்டு வாய் சோறு. வேட்டி நிக்கலைன்னு வெளியவே போறதில்லை. ராத்திரி திண்ணையில தனியாப் படுத்துக்கறாரு. ஆபரேசன் பண்ணியும் ஆசனவாய் வழியா ரத்தமும் சளியும் வருது. இந்த நிலைமையில கீமோவைத் தாங்குவாருங்களா? கொஞ்சம் தள்ளிப் போடலாமுங்களா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில் (ஸ்டோமா பராமரிப்புச் செவிலியர்): தள்ளிப்போடுவதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைப்பது பையும் அல்ல, கீமோவும் அல்ல. அந்த ரெண்டு வாய் சோறுதான்.

முதலில் ரத்தத்துக்கு வருகிறேன். பல குடும்பங்களில் “ஆபரேசன் ஆச்சு, கட்டி போச்சு” என்று நினைத்துவிடுகிறார்கள். வழியை அடைத்த கட்டிக்கு இப்படி வைக்கும் ஸ்டோமா, மலம் வயிற்றுத் திறப்பு வழியாகப் பைக்குள் வரப் போட்டுக் கொடுத்த மாற்றுப் பாதை மட்டும்தான். கட்டி அங்கேயேதான் இருக்கிறது. அதனால் சளியும் கொஞ்சம் ரத்தமும் வரும், மலம் கழிக்க வேண்டும்போல முக்கலும் வரும். ரேடியேசனும் மாத்திரையும் அந்தக் கட்டிக்காகத்தான். ரத்தம் கட்டியாகவோ நிறையவோ வந்தால் மட்டும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி சாப்பாடு. சாப்பிடாமல் இருந்தாலும் குடல் சும்மா இருப்பதில்லை. மலம் குறையலாம், ஆனால் வெறும் வயிற்றில் காற்று கூடும், பை உப்பும். கண்ட பலன், உடம்பு இளைத்ததுதான். சிகிச்சை தொடங்கும் முன்பே எடை இறங்கியவர்களுக்குப் பக்கவிளைவுகள் கடுமையாக இருக்கும், நடுவில் சிகிச்சையை நிறுத்த வேண்டியும் வரலாம். ரேடியேசன் இடையில் நிற்கக் கூடாத வைத்தியம். ஆகவே இந்த இரண்டு வாரத்தில் அவர் செய்ய வேண்டிய முதல் வேலை சாப்பிடுவது.

இடது பக்கம் என்பதால் அநேகமாகப் பெருங்குடல் ஸ்டோமாவாக இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘கொலாஸ்டமி’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் வீட்டுச் சாப்பாடே போதும். அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் விட்டுக் கொடுங்கள். முட்டை, தயிர், பச்சைப்பயறு கடைசல், கறி எல்லாம் ஆகும். மூன்று வேளையை ஐந்தாறு சிறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கொள்ளு, மொச்சை, முட்டைக்கோஸ் காற்றைக் கூட்டும். அதனால் தொந்தரவு இருந்தால் குறைத்தால் போதும், ஒதுக்க வேண்டாம்.

வலது பக்கம் சிறுகுடல் ஸ்டோமா (இலியாஸ்டமி) வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. தண்ணீராகப் போகும், உப்பும் சேர்ந்து போகும். தேங்காய்ச் சில்லு, முழு நிலக்கடலை, கீரைத்தண்டு எல்லாம் அடைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று ஒருவருடைய பத்தியத்தை இன்னொருவருக்குப் போடாதீர்கள்.

அடுத்து, பையை அவரே மாற்றப் பழக வேண்டும். இதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுகிறேன். நீண்ட கால ரேடியேசன் என்றால் வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து, ஐந்தரை வாரம். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு 40 கிலோமீட்டர், தினமும் போய் வர வேண்டும். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பை கசிந்தால் ஆண்கள் கழிப்பறைக்குள் நீங்கள் போக முடியாது. அவர் கைக்குத்தான் அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும்.

காலையில் வெறும் வயிற்றில், குடல் அமைதியாக இருக்கும் நேரத்தில் கண்ணாடி முன் நிற்கச் சொல்லுங்கள். முதல் நாள் பார்த்தால் மட்டும் போதும். ஸ்டோமா உதட்டின் உட்புறம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். அதற்கு வலி நரம்பு கிடையாது, தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் பழைய பையை உரிக்கட்டும். ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு மேலிருந்து கீழாக மெதுவாக உரிக்க வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றித் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய், மஞ்சள், டால்கம் பவுடர் எதுவும் கூடாது. தடவினால் பையைத் தோலோடு பிடிக்கும் தட்டு ஒட்டாது, கசிவு அங்கிருந்துதான் தொடங்கும்.

கசிவுக்கு இன்னொரு காரணம், பலர் கவனிக்காதது. வைத்த புதிதில் ஸ்டோமா வீங்கியிருக்கும், ஆறு முதல் எட்டு வாரத்தில் சுருங்கும். ஆஸ்பத்திரியில் தட்டில் ஓட்டை வெட்டிக் கொடுத்த அளவிலேயே இன்னும் வெட்டிக்கொண்டிருந்தால் ஓட்டை பெரிதாகி, சுற்றுத்தோலில் மலம் பட்டு எரியும். வாரம் ஒரு முறை அளவு அட்டையை வைத்துப் பாருங்கள், ஸ்டோமாவைவிட 2 மில்லிமீட்டர் பெரிதாக வெட்டினால் சரி. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிடுங்கள். கனம் கூடினால் தட்டை இழுத்துவிடும்.

அடுத்து வேட்டி. அது நிற்பதற்காகக் கட்டும் பச்சை பெல்ட்தான் பெரும்பாலும் சிக்கல். அது நேராக ஸ்டோமா மேல் அழுத்தும், மலம் கீழே இறங்காமல் தட்டுக்கடியில் பரவும். அரைஞாண் கயிறும் அப்படித்தான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வேட்டியை ஸ்டோமாவுக்கு மேலாகத் தளர்த்திக் கட்டி, சட்டையை வெளியே விட்டால் யாருக்கும் தெரியாது. தேங்காய் மூட்டை தூக்குவதை மட்டும் மருத்துவர் சொல்லும்வரை மறந்துவிடட்டும், தூக்கினால் ஸ்டோமா ஓரம் குடலிறக்கம் வரலாம்.

திண்ணையில் படுப்பதற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை. அது வெட்கம். படுக்கப் போகுமுன் பையைக் காலி செய்துவிட்டு உள்ளே வந்து படுக்கலாம், பக்கத்தில் படுப்பதால் ஸ்டோமாவுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் சொன்னால் கேட்காவிட்டால், ஸ்டோமா வைத்து நடமாடும் ஒருவரோடு பேச வையுங்கள். உலகின் முதல் ஸ்டோமா பராமரிப்பாளரான நார்மா கில் தாமே ஸ்டோமா வைத்துக்கொண்டவர்தான். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் அவருடைய அறுவை மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல் 1958-இல் மற்ற நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவரை வேலைக்கு வைத்தார். நம் நாட்டில் மும்பையில் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா இருக்கிறது. ஓ.பி.யில் கேட்டால் நம் ஊர்க்காரர் ஒருவரையே அறிமுகப்படுத்தக்கூடும்.

சிகிச்சை தொடங்கியதும் சில மாற்றங்கள் வரும். ரேடியேசன் மேசையில் ஏறுமுன் பை காலியாக இருக்கட்டும். தோலில் போட்ட குறிகளை அழிக்காதீர்கள். ரேடியேசனும் மாத்திரையும் சேர்ந்து வயிற்றுப்போக்கைத் தரலாம். அப்போது இளநீர் மட்டும் போதாது, அதில் சோடியம் குறைவு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். கேப்சிடபின் மாத்திரை என்றால் உள்ளங்கை சிவந்து எரியலாம், பை மாட்டச் சிரமப்படுவார். அந்த நாட்களுக்காக உங்களுக்கும் வேலை தெரிந்திருப்பது நல்லதே. ஆனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மருந்து மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் 48 மணி நேரம் இந்தக் கவனம் வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் இந்த வேலைக்கு வரவே கூடாது.

ஸ்டோமா நிரந்தரமா என்று இப்போதே அறுவை மருத்துவரைக் கேளுங்கள். கட்டி ஆசனவாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, சிகிச்சைக்கு எவ்வளவு சுருங்குகிறது என்பதைப் பொறுத்தது அந்தப் பதில். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஸ்டோமா கருத்தாலோ, வயிறு உப்பி வாந்தியோடு ஒரு நாள் முழுக்க எதுவும் வராமல் நின்றாலோ, கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கோவைக்கு வண்டி ஏறுங்கள்.