கிலோவா, பவுண்டா?

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டுப் பக்கம் போனால், தொழிற்சாலைகளுக்குச் செல்லும் வாகனங்களை நிறையக் காணலாம். நிறுத்தி வைத்திருக்கும் ஒரு காரின் டயரை உற்று நோக்குங்கள். பல டயர்களின் பக்கவாட்டில், அது தாங்கக்கூடிய பெருமச் சுமை இரண்டு எண்களில் பொறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 615 கிலோ, 1,356 பவுண்டு. சுமை ஒன்றுதான், அலகுதான் வேறு.

பவுண்டை நம் தாத்தாக்கள் ராத்தல் என்பார்கள். (நகைக்கடைப் பவுன் வேறு, அது 8 கிராம்.) 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் நம் நாட்டில் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வழக்கத்திற்கு வந்தன. 1959இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் 1 பவுண்டு என்பது 0.45359237 கிலோகிராம் என்று வரையறுத்தன. ஆகவே 1 கிலோ ஏறத்தாழ 2.2046 பவுண்டு.

மனக்கணக்கிற்கு ஓர் எளிய வழி உண்டு. கிலோவை இரட்டித்து, வந்த விடையில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள்: 615 → 1,230 + 123 = 1,353 பவுண்டு. பவுண்டைக் கிலோவாக்க, பாதியாக்கி, அந்தப் பாதியில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள்: 1,356 → 678 − 67.8 = 610.2 கிலோ. உண்மை விடைக்கு மிக அருகில் வந்துவிட்டோம் அல்லவா?

அலகை மறந்தால் என்ன ஆகும்? 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்தின் எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. தொட்டியில் அளவுகோலை விட்டுப் பார்த்ததில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்திற்குத் தேவை 22,300 கிலோ. ஒரு லிட்டர் எரிபொருள் சுமார் 0.8 கிலோ, பவுண்டில் சொன்னால் 1.77. கணக்கிட்டவர்கள் 1.77ஆல் பெருக்கி, கிடைத்த 13,597ஐக் கிலோ என்றே எண்ணிவிட்டனர்! மீதிக்கு வேண்டியது சுமார் 20,000 லிட்டர். ஊற்றியதோ ஏறத்தாழ 4,900 லிட்டர். விமானம் 22,300 கிலோவுக்குப் பதில் 22,300 பவுண்டுடன், அதாவது சுமார் 10,100 கிலோவுடன் கிளம்பியது. நடுவானில் இரு எஞ்சின்களும் நின்றன. விமானிகள் அதை மிதக்கவிட்டே கொண்டுசென்று, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினர். அதிலிருந்த 69 பேரும் உயிர் தப்பினர்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு பெட்டியின் மேல் 1,105 பவுண்டு என எழுதியிருக்கிறது. பளுதூக்கி 500 கிலோ வரைதான் தாங்கும். தூக்கலாமா?

மனக்கணக்கு 497.25 கிலோ என்று காட்டும். தூக்கலாம் போலத் தோன்றும். 0.45359237ஆல் பெருக்கிப் பாருங்கள்: 501.2 கிலோ. தூக்கக் கூடாது! மனக்கணக்கு மதிப்பிடுவதற்கு மட்டுமே. உயிரும் பொருளும் சம்பந்தப்பட்ட இடத்தில் முழுக் கணக்கே போடுங்கள்; விடையோடு அலகையும் எழுதுங்கள். அலகு எழுதாத விடைக்கு உங்கள் ஆசிரியர் மதிப்பெண் குறைப்பது ஏன் என்று இனிப் புரியும்.